இவை என் எழுத்து: மூல ஓலை முதல் மின்பதிவு வரை

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாளின் திருக்கோயிலைக் காண வருவோருள் பலர், அருகிலுள்ள ஸ்வஸ்திக வடிவக் கிணற்றையும் பார்த்துவிட்டே திரும்புகின்றனர். நான்கு புறமும் படித்துறைகள். ஒரு துறையில் இருப்பவரை மற்றொரு துறையில் இருப்பவர் காண இயலாத அமைப்பு. ஊரார் இதனை 'மாமியார் மருமகள் கிணறு' என்றழைப்பதன் காரணத்தை விளக்கவும் வேண்டுமோ! ஆனால், கிணற்றின் உண்மைப் பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு. பல்லவ வேந்தர் தந்திவர்மரின் நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கப்பெற்று ஐந்தாம் ஆட்சியாண்டில் நிறைவுற்றது என்றும், எடுப்பித்தவர் ஆலம்பாக்கத்து விசைய நல்லுழானின் தம்பி கம்பன் அரையன் என்றும் கிணற்றின் கல்வெட்டே தெரிவிக்கிறது. கி.பி. 800ஐ ஒட்டிய காலம்.

இந்தக் கல்வெட்டை ஒரு நீதிமன்றம் ஆவணமாக ஏற்குமா? வரலாற்று ஆர்வலர்களாகிய நாம் கல்வெட்டை முதன்மைச் சான்றாகக் கொள்வதில் வியப்பில்லை. சட்டம் என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், ஆவணம் என்றால் என்ன என்பதைத் தன் மூன்றாம் பிரிவில் சில எடுத்துக்காட்டுகளால் விளக்கியது. எழுதப்பட்டது ஆவணம், அச்சிட்ட, கல்லச்சில் பதித்த, ஒளிப்படமாக எடுத்த சொற்கள் ஆவணம், நிலப்படம் ஆவணம், கேலிச்சித்திரம்கூட ஆவணம். அந்தப் பட்டியலிலேயே, உலோகத் தகட்டிலோ கல்லிலோ பொறிக்கப்பட்டதும் ஆவணம் என்று தெளிவாகச் சொல்லப்பட்டது. அச்சட்டத்தின் இடத்தை 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் பிடித்துக்கொண்டது. புதிய சட்டமும் கல்லைக் கைவிடவில்லை. கல்லையும் செப்பேட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, மின்னஞ்சல், கணினிக் கோப்பு, செல்பேசிச் செய்தி, இணையதளம், குரலஞ்சல் ஆகியவற்றை அதே பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கம்பன் அரையனின் கல்லும் நம் கைப்பேசியில் வந்து விழும் குறுஞ்செய்தியும் சட்டத்தின் கண்களில் உடன்பிறப்புகள்!

நீதிமன்றமும் தொழில்நுட்பமும் என்றதும் கணினித் திரையும் காணொலியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஓலை ஒரு காலத்தின் தொழில்நுட்பம். கல் ஒரு காலத்தின் தொழில்நுட்பம். ஒவ்வொன்றும் மன்றத்தின் வாயிலில் நிறுத்தப்பட்டு மூன்று வினாக்களுக்கு விடை சொன்ன பின்னரே உள்ளே விடப்பட்டது. இது மூலமா, படியா? இத்தனை நாளும் யாருடைய காப்பில் இருந்தது? இதற்குப் பொறுப்பேற்பவர் யார்? இந்த மூன்று வினாக்களின் வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் தொடர்ந்து செல்லவிருக்கிறோம்.

வெண்ணெய்நல்லூர் வழக்கு

தமிழிலக்கியம் நமக்குக் காட்டும் வழக்குகளுள் ஆவணச் சட்டத்தின் நுணுக்கங்கள் நிறைந்தது எது என்று கேட்டால், பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தையே சுட்ட வேண்டும். பக்தியின் உச்சமாக அப்பகுதியைப் படித்து நெகிழ்ந்தவர்கள், ஒருமுறை அதை வழக்கு நடவடிக்கைக் குறிப்பாகவும் படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

திருமண நாளன்று பந்தலுக்கு வந்த முதிய அந்தணர், மணமகனான நம்பியாரூரர் தமக்கு அடிமை என்கிறார். பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். ஆரூரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். சான்று அழிந்தது, வழக்கும் முடிந்தது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால், வெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் அமைதியாகச் சொல்கிறார்: கிழிபட்டது படியோலை, மூலவோலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அடுத்து அவையோர் செய்வதைக் கவனியுங்கள். வழக்கை ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூவகையுள் எதனாலும் நிறுவலாம் என்கின்றனர். மூலவோலையை அவைக் கணக்கர் வாங்கிச் சுருள் நீக்கி எல்லோரும் கேட்கப் படிக்கிறார். ஓலையில் சாட்சிக் கையெழுத்திட்டவர்கள் தங்கள் எழுத்தைப் பார்த்து ஒப்புக்கொள்கின்றனர். எழுதியது பாட்டனாரின் கைதானா என்ற ஐயத்தைத் தீர்க்க, அவர் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து இரண்டையும் ஒப்பிடுகின்றனர். ஒத்திருந்ததைக் கண்ட பின்னரே தீர்ப்பு!

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கர் காலத்தில் வாழ்ந்தவர். அவர் பாடியது அவருக்கு முந்தைய காலத்து நிகழ்வு என்றாலும், அவையின் நடைமுறையை அவர் தம் காலத்துச் சோழநாட்டு மன்றங்களிலிருந்தே வரைந்திருக்க வேண்டும். அவ்வளவு கச்சிதமான ஒழுங்கு! இதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் உருவாக்கிய 1872ஆம் ஆண்டுச் சட்டம், மூலச்சான்றையும் இரண்டாம் நிலைச் சான்றையும் பிரித்தது. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க 73ஆம் பிரிவு. முப்பதாண்டு பழைமையுடைய ஆவணம் உரிய காப்பிலிருந்து வந்ததா என்று கேட்க 90ஆம் பிரிவு. வெண்ணெய்நல்லூர் அவையோருக்கு இவை எவையும் புதியனவாகத் தோன்றியிரா.

பொறுப்பேற்ற கைகள்

சோழர் கல்வெட்டுகளைத் தொடர்ந்து படிப்பவர்கள், நீண்ட ஆவணங்களின் இறுதியில் வரும் 'இவை என் எழுத்து' எனும் சொற்றொடரை நன்கறிவர். நிலத்தின் எல்லைகளும் வரி விலக்கும் விற்பனை ஒப்புதலும் சொல்லப்பட்ட பின், எழுதியவரும் சாட்சிகளும் ஒவ்வொருவராகத் தம் பெயர் சொல்லி 'இவை இன்னார் எழுத்து' என்று நிற்கின்றனர். படிப்பதற்குச் சலிப்பூட்டும் பகுதி அது. ஆயினும், ஆவணத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்தனர்? அவர்கள் இட்ட குறி 'தற்குறி'. அக்குறி இன்னாருடையதே என்று எழுத்தறிந்த ஒருவர் சான்றளிப்பதைத் 'தற்குறி மாட்டெறிதல்' என்றனர். இன்று கல்லாதவரை இகழும் சொல்லாகத் தாழ்ந்துவிட்ட 'தற்குறி', ஒரு காலத்தில் கல்லாதவரும் சட்டத்தின் முன் நிற்பதற்குக் கிடைத்த ஊன்றுகோல். இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி எடுப்பதிலும் அதே நேர்மையைக் காண்கிறோம். செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவலில் கற்றளி எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகள் புதிய சுவர்களில் படியெடுக்கப்பட்டன. படியெடுத்தவர்கள் அவற்றை மூலம் போலக் காட்டிக்கொள்ளவில்லை. பழங்கற்படி என்று வெளிப்படையாகப் பொறித்தனர். இது படி, இதன் மூலம் வேறொரு கல் என்ற அறிவிப்பு அது. ஆயிரமாண்டுக்கு முந்தைய இந்தச் சான்றுரையை விடச் சுருக்கமான ஒன்றை இன்றைய சட்டத்தாலும் எழுத முடியவில்லை.

விரலும் குரலும்

19ஆம் நூற்றாண்டில் மன்றத்தின் வாயிலுக்கு வந்தது கைரேகை. 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷெல் என்ற அதிகாரி, சாலைப் பொருள் வழங்கும் ஒப்பந்தமொன்றில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் கை முழுவதையும் மையில் பதித்து வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு அமைந்தது. எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகெங்கும் அறியப்படும் வகைப்பாட்டு முறைக்கு உழைத்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள். 1899இல் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு திருத்தப்பட்டு, கைரேகை பற்றிய வல்லுநர் கருத்துக்கும் இடம் கிடைத்தது. 'கைநாட்டு' என்று நாம் ஏளனமாகச் சொல்வது, மறுக்கவியலாத சான்றுகளின் வரிசையில் முன்னால் வந்து நின்றது!

தமிழ்நாட்டில் அதன் வலிமையை மக்கள் உணர்ந்தது 1952இல் நிகழ்ந்த ஆளவந்தார் கொலை வழக்கில். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியே தனுஷ்கோடி செல்லும் போட் மெயிலில், மானாமதுரையில், தலையற்ற உடலொன்று பெட்டிக்குள் கண்டெடுக்கப்பட்டது. இறந்தவர் படையில் பணியாற்றியவர் என்பதால் அங்கிருந்த கைரேகைப் பதிவு உடலை அடையாளம் காணத் துணைநின்றது. வெண்ணெய்நல்லூர் அவை காப்பிலிருந்து மற்றோர் ஓலையை வரவழைத்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அடுத்து வந்தது ஒலிநாடா. 1963இல் உச்சநீதிமன்றம் தீர்த்த பிரதாப் சிங் வழக்கில், பஞ்சாப் அரசு மருத்துவர் ஒருவர் தமக்கெதிரான நடவடிக்கை முதலமைச்சரின் பகைமையால் எழுந்தது என்று நிறுவத் தொலைபேசி உரையாடல்களின் பதிவை முன்வைத்தார். நாடாவில் மாற்றம் செய்ய இயலும் என்பதற்காகவே அதை அடியோடு விலக்க வேண்டியதில்லை என்று ஏற்றது மன்றம். 1967இல் யூசுப் அலி வழக்கில், நாடா முத்திரையிடப்படாமல் காவல் அதிகாரியின் காப்பில் இருந்ததைச் சுட்டி, அழிக்கவும் மாற்றவும் கூடிய சான்றை எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்றது. 1985இல் ராம்சிங் வழக்கில் விதிகள் தெளிவாயின: குரலை அறிந்தவர் அடையாளம் காட்ட வேண்டும்; பதிவின் துல்லியத்தைப் பதிந்தவர் நிறுவ வேண்டும்; மாற்றம் நிகழவில்லை என்பது உறுதிப்பட வேண்டும்; முத்திரையிட்டுப் பாதுகாத்திருக்க வேண்டும். மூலம், காப்பு, பொறுப்பு. அதே மூன்று வினாக்கள்.

கணினி வந்த கதை

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சாட்சியச் சட்டத்தில் 65ஆ என்ற பிரிவைச் சேர்த்தது. கணினியிலிருந்து எடுத்த படியைச் சான்றாகத் தருபவர், அது எப்படி எடுக்கப்பட்டது, கணினி சரியாக இயங்கியதா என்பனவற்றைச் சொல்லி, பொறுப்புடைய ஒருவரின் கையொப்பத்துடன் சான்றிதழ் இணைக்க வேண்டும். நம் சொற்களில் சொன்னால், 'இவை என் எழுத்து' என்று ஒருவர் முன்வர வேண்டும். 2004இல் சென்னை எழும்பூர் நீதிமன்றம், இணையத்தில் ஒரு பெண்ணை இழிவுபடுத்திய வழக்கில் இத்தகைய சான்றிதழை ஏற்றுத் தண்டனை வழங்கியது. அச்சட்டத்தின் 67ஆம் பிரிவின்கீழ் நாட்டில் கிடைத்த முதல் தண்டனை என்று சட்ட நூலோர் இதைக் குறிப்பர்.

ஆனால், பாதை நேராகச் செல்லவில்லை. 2005இல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், சான்றிதழ் இல்லாவிட்டாலும் தொலைபேசிப் பதிவுகளை ஏற்கலாம் என்றது உச்சநீதிமன்றம். 2014இல் அன்வர் வழக்கில் அக்கருத்தை மாற்றிக்கொண்டது. கேரளத்தின் ஏறநாடு தொகுதித் தேர்தல் வழக்கு அது. பரப்புரைப் பாடல்களையும் பேச்சுகளையும் பதிந்து, கணினிக்கு மாற்றி, குறுந்தகடுகளாக்கி மன்றத்துக்குக் கொண்டுவந்தனர். மூலப் பதிவு வரவில்லை; சான்றிதழும் இல்லை. படியோலை மட்டும் போதாது என்று தள்ளியது மன்றம்.

2016இல் கண்காணிப்புக் காமிராப் பதிவு பற்றிய கொலை வழக்கொன்றில் சென்னை உயர்நீதிமன்றம், சான்றிதழுக்கு மாற்றாகப் பொறுப்புடையவரின் வாய்மொழிச் சாட்சியத்தாலும் நிறுவலாம் என்று கண்டது. 2018இல் உச்சநீதிமன்றமே ஒரு வழக்கில் சற்றுத் தளர்த்தியது. இறுதியாக, 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இவற்றையெல்லாம் விலக்கிவிட்டு அன்வர் தீர்ப்பே சரி என்றது. மூலக் கருவியையே கொண்டுவந்தால் சான்றிதழ் வேண்டா. படியைக் கொண்டுவந்தால் சான்றிதழ் கட்டாயம். இப்போதைய சட்டத்தின் 63ஆம் பிரிவு ஒருபடி மேலே சென்று, சான்றிதழை இரு பகுதிகளாக்கியுள்ளது. முதற்பகுதியில் ஆவணத்தைத் தருபவர் கையொப்பமிட வேண்டும். இரண்டாம் பகுதியில் வல்லுநர் கையொப்பமிட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண்ணெழுத்துச் சரம். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் சரம் முற்றிலும் மாறிவிடும். கோப்பின் கைரேகை என்றே கொள்ளலாம்.

பொறுப்பேற்பவர் இல்லாதபோது

இத்தனை கெடுபிடி எதற்கு, கணினி பொய் சொல்லுமா என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு இங்கிலாந்தின் அனுபவம் விடையளிக்கும். அங்கும் 1984ஆம் ஆண்டின் சட்டமொன்று, கணினி சரியாக இயங்கியது என்று நிறுவிய பின்னரே அதன் பதிவைக் குற்ற வழக்கில் ஏற்கச் சொன்னது. அது வீண் சுமை என்று கருதி 1999இல் அப்பிரிவை நீக்கினர். அதன்பின், வேறு சான்று இல்லாதவரை கணினி சரியாகவே இயங்கியதாகக் கொள்ளப்பட்டது.

அதே காலத்தில்தான் பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனம் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளில் நிறுவிக்கொண்டிருந்தது. கணக்கில் பணம் குறைவதாக ஹொரைசன் காட்டியது. சிறு ஊர்களில் அஞ்சலகம் நடத்திவந்தோர், தாங்கள் எடுக்கவில்லை என்று கதறினர். மன்றங்கள் கணினியை நம்பின. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். பலர் சிறை சென்றனர், வீடிழந்தனர், உயிரையே மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019இல் லண்டன் உயர்நீதிமன்றம் கண்டறிந்தது. 2021இல் மேல்முறையீட்டு மன்றம் 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் நீக்கியது. எஞ்சியோரை விடுவிக்க 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

மதுரையில் நடந்ததும் இதுவன்றோ? பொற்கொல்லன் அத்துறையின் வல்லுநன். அவன் சொல்லே போதும் என்று பாண்டியன் எண்ணினான். கள்வன் கையில் இருந்த சிலம்பையும் அரசியின் சிலம்பையும் அருகருகே வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்தபோது கோவலன் உயிரோடு இல்லை. வெண்ணெய்நல்லூர் அவை இரு ஓலைகளை ஒப்பிட்டது. பாண்டியன் அவை ஒப்பிடவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே நீதி.

மன்றத்தின் கையில்

இதுவரை சான்றாக வந்த தொழில்நுட்பத்தைப் பார்த்தோம். மன்றமே தன் பணிக்குக் கையாளும் தொழில்நுட்பம் மற்றொரு பக்கம். 2003இல் பிரஃபுல் தேசாய் வழக்கில், அயல்நாட்டில் உள்ள சாட்சியைக் காணொலி வழியே விசாரிக்கலாம் என்றது உச்சநீதிமன்றம். 2007இல் மின்னணு நீதிமன்றத் திட்டம் தொடங்கிற்று. 2023இல் ஒப்புதல் பெற்ற அதன் மூன்றாம் கட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை 7,210 கோடி ரூபாய். 2020இல் கொரோனா மன்றங்களின் கதவுகளை மூடியபோது காணொலியே மன்றமாயிற்று. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வின் விசாரணைகளை வீட்டிலிருந்தே காண்கிறோம்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தாருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். உயர்நீதிமன்றம் என்றால் சென்னை என்றிருந்த நிலை, 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறக்கப்பட்டபோதுதான் மாறியது. இன்று வழக்கின் அடுத்த நாளையும் தீர்ப்பின் படியையும் திருவெள்ளறையில் அமர்ந்தபடியே கைப்பேசியில் பார்க்கலாம். இது சிறிய மாற்றமன்று.

2019இல் உச்சநீதிமன்றம் அறிமுகப்படுத்திய 'சுவாஸ்' மென்பொருளின் துணையால் தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன. ஆனால், அம்மொழிபெயர்ப்புகளோடு ஒரு குறிப்பும் வருகிறது: மொழிபெயர்ப்பு புரிதலுக்காக மட்டும், ஆங்கில வடிவமே அதிகாரப்பூர்வமானது. பழங்கற்படி எனும் அறிவிப்பின் இன்றைய வடிவம் இது!

செயற்கை நுண்ணறிவு வந்த பின்னர் இக்குறிப்பின் தேவை பன்மடங்காகியுள்ளது. 2023இல் நியூயார்க் நீதிமன்றமொன்றில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகள் மேற்கோள்களாக இடம்பெற்றிருந்தன. மன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது. 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றங்களுக்கு வகுத்த நெறிமுறை, தீர்ப்பின் முடிவையோ காரணங்களையோ செயற்கை நுண்ணறிவிடம் விடக்கூடாது என்று தடுத்தது. எந்தக் கருவி துணைநின்றாலும், தீர்ப்பின் அடியில் 'இவை என் எழுத்து' என்று நிற்கவேண்டியவர் நீதிபதியே.

தற்குறி மாட்டெறிவார் யார்?

ஆக, சான்றிதழ் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஹொரைசன் வழக்குகளை அறிந்த எவரும் அதை வெற்றுச் சடங்கு என்று சொல்லமாட்டார். ஆனால், அந்தச் சான்றிதழ் யாருக்கு எட்டும் என்ற வினா எஞ்சியிருக்கிறது.

அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலேயே இவ்வினா எழுந்தது. மகாராஷ்டிரத்தின் ஜால்னாவில் வேட்புமனு காலங்கடந்து தரப்பட்டதா என்பதைத் தேர்தல் அலுவலகத்தின் காமிராப் பதிவு காட்டியது. பலமுறை கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை. முயன்றும் பெற இயலாதவரிடம் இயலாததைக் கேட்கமுடியாது என்று சொன்ன உச்சநீதிமன்றம், மறுக்கப்படும்போது மன்றத்தையே அணுகிச் சான்றிதழ் தருமாறு ஆணை பெறலாம் என்று வழிகாட்டியது. தேர்தலில் நின்றவருக்கு அது முடியும். வரப்புத் தகராற்றைத் தன் கைப்பேசியில் படம்பிடித்து வைத்திருக்கும் ஓர் உழவருக்கு? கணவனின் மிரட்டலைப் பதிவு செய்து வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு? ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு இரண்டாம் பகுதியில் கையொப்பமிடும் வல்லுநரை அவர்கள் எங்கே தேடுவர்? என்ன கட்டணம் கொடுப்பர்?

கணினியின் முன் நம்மில் பெரும்பாலோர் தற்குறிகளே. நாம் இடும் குறி நம்முடையதுதான் என்று சொல்ல, அறிந்தவர் ஒருவர் தேவைப்படுகிறார். சோழர் காலத்து ஊர்களில் அந்த ஒருவர் அவையிலேயே இருந்தார். குறியிட்டவரின் பெயருக்கு அருகில் தம் பெயரையும் எழுதினார். வெண்ணெய்நல்லூர் அவையோர் ஒப்பிடுவதற்கான ஓலையைத் தங்கள் காப்பிலிருந்தே தருவித்தனர். 7,210 கோடி ரூபாய்த் திட்டத்தில் திரைகளும் கம்பிவடங்களும் வாங்குவதோடு, மாவட்டந்தோறும் கட்டணமின்றிச் சான்றளிக்கும் வல்லுநர் ஒருவரையும் மன்ற வளாகத்திலேயே அமர்த்தினால், நம் முன்னோர் கற்சுவர்களில் விட்டுச்சென்ற ஏற்பாட்டை மீட்டெடுத்தவர்களாவோம். அதுவரை, சட்டம் கல்லையும் கைப்பேசியையும் ஒரே வரிசையில் வைத்திருந்தாலும், அவற்றை ஏந்தி வருவோர் ஒரே வரிசையில் நிற்கவில்லை என்பதே உண்மை.